‘ப’ எழுத்துக்கு வண்ணம் தீட்டிய ஐந்து நாள்கள்



ஒன்று முதல் மூன்று வகுப்புகள் வரை உள்ள குழந்தைகளை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். வண்ணம் தீட்டும் தாள்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். நடுவில் பெரிய எழுத்து, ஓரத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு படம். கிரையான் பெட்டியைத் திறந்ததும் குழந்தைகளின் முகம் மலரும், வகுப்பும் அமைதியாகும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் வண்ணம் தீட்டும் அந்த அரை மணி நேரத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு நடத்திவிடலாம். உண்மையைச் சொன்னால், கற்பிப்பதற்காக மட்டும் நான் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை. குழந்தைகளை உட்கார வைப்பதற்காகவும் கொடுத்தேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்த ஒரு மாலையில் அதன் விலை எனக்குத் தெரிந்தது. சுவரில் ‘ப’ தாள்களை வரிசையாக ஒட்டியிருந்தேன். ஒரு தாய் தன் மகளின் தாளைத் தேடிக் கண்டுபிடித்தார். கோடு தாண்டாமல், வெள்ளை தெரியாமல் சிவப்பு நிரப்பிய அழகான ‘ப’. பக்கத்தில் நீலப் பந்து. “இது என்ன எழுத்து, சொல்லு பார்ப்போம்” என்று மகளிடம் கேட்டார். குழந்தை உற்சாகமாக, “பந்து!” என்றாள். தாய் சிரித்துக்கொண்டே அவளை வாசலுக்கு அழைத்துப்போய், பள்ளியின் பெயர்ப் பலகையில் ‘பள்ளி’ என்ற சொல்லின் முதல் எழுத்தைக் காட்டி, “அப்ப இது?” என்று கேட்டார். குழந்தை என்னைப் பார்த்தாள். பதில் வரவில்லை.

“நல்லாதான் கலர் அடிக்கறா டீச்சர். ஆனா எழுத்து தெரியுதான்னுதான் எனக்கு வெளங்கல” என்றார் அந்தத் தாய். குறையாகச் சொல்லவில்லை. நம்பி விட்டுச் சென்றவர் கேட்கும் கேள்வி அது. அதனால்தான் அது என்னை உறுத்தியது.

மறுநாள் காலை கரும்பலகையில் ட, ப, க, ம ஆகிய நான்கு எழுத்துகளை வெள்ளைச் சாக்பீஸால் எழுதி, ஒவ்வொரு குழந்தையாக அழைத்து, “‘ப’ எங்கே இருக்கு?” என்று கேட்டேன். சுவரில் எல்லாருடைய தாளும் இருந்தது. ஆனால் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ‘ப’ தெரியவில்லை. ஒருவன், “செவப்பா இருக்கறதுதான் டீச்சர் ப” என்றான்.

எங்கே தவறியது?

அடுத்த முறை தாளைக் கொடுத்துவிட்டு வேறு வகுப்புக்குத் திரும்பாமல், குழந்தைகளின் அருகிலேயே அமர்ந்து கவனித்தேன். மூன்று செய்திகள் கண்ணில் பட்டன.

முதலாவது, எல்லாரும் படத்தில்தான் தொடங்கினார்கள். பந்து அவர்களுக்குத் தெரிந்த பொருள். எழுத்து என்பது பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கட்டம், அவ்வளவே. அந்தக் குழந்தை ‘ப’ என்ற எழுத்தைப் ‘பந்து’ என்று வாசித்ததில் வியப்பில்லை. தாள் அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

இரண்டாவது, கைக்கு வசதியாகத் தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்கள். இதில் ஆழமான ஒரு காரணம் இருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்தாலும் நாற்காலிதான். பந்தை எப்படித் திருப்பினாலும் பந்துதான். பிறந்தது முதல் ஐந்து ஆண்டுகளாகக் குழந்தை உலகத்தைப் பற்றிக் கற்றுவைத்திருக்கும் பாடம் இது. எழுத்து மட்டும் இந்த விதிக்கு அடங்காது. ‘ப’வைக் கவிழ்த்தால் அது ‘ப’ ஆகாது. இந்தப் புதிய விதியைக் குழந்தைக்கு நாம்தான் உணர்த்த வேண்டும். வண்ணம் நிரப்பும் தாள் அதை உணர்த்தவில்லை. தலைகீழாக வைத்து நிரப்பினாலும் அழகாகவே முடிந்தது.

மூன்றாவது, ஒரு குழந்தைகூட எழுத்தை எழுதும் திசையில் வண்ணம் தீட்டவில்லை. வலது மூலையில் தொடங்கியவர்கள் உண்டு, கீழ்க்கோட்டில் தொடங்கியவர்கள் உண்டு. கை முன்னும் பின்னும் உரசியதே தவிர, ‘ப’ போகும் வழியில் போகவில்லை.

வண்ணம் தீட்டுதல் வீணா?

வீண் இல்லை. விரல்களுக்கு வலிமை, கிரையானைப் பிடிக்கும் முறை, கோட்டுக்குள் கையை நிறுத்தும் கட்டுப்பாடு, எடுத்த வேலையை முடிக்கும் பொறுமை எல்லாம் அதில் கிடைக்கின்றன. ஆனால் இவை கைக்கான பயிற்சி. எழுத்துக்கான பயிற்சி வேறு.

மரியா மாண்டிசோரி இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருந்தார். 1907இல் ரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். அவருடைய முறையில் குழந்தைகள் உலோகச் சட்டங்களைக் கொண்டு வட்டம், சதுரம் போன்ற வடிவங்களை வரைந்து, உள்ளே வண்ணப் பென்சிலால் கோடுகள் இட்டு நிரப்புவார்கள். அது கைக்கு. எழுத்தைக் கற்க வேறு பொருள் இருந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தின்மேல், எழுதும் திசையிலேயே விரலை ஓட்டி, அதன் ஒலியைச் சொல்வார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னதும் இதே வழிதான். இரண்டு வேலைகளையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பியதுதான் என் தவறு.

ஒரு குழந்தைக்கு ‘ப’ தெரியும் என்று எப்போது சொல்லலாம்? ஒலியைக் காதால் பிரித்தறிய வேண்டும். எழுதும் வழி கைக்குத் தெரிய வேண்டும். பிற எழுத்துகளுக்கு நடுவே கண் அதைக் கண்டுகொள்ள வேண்டும். சொல்லுக்குள் இருக்கும்போதும் அது தெரிய வேண்டும். இந்த நான்கையும் நான்கு நாள்களுக்குப் பிரித்தேன். ஐந்தாம் நாள் சோதித்துப் பார்க்க. வண்ணத்தை விடவில்லை, அதன் வேலையை மட்டும் மாற்றினேன்.

முதல் நாள்: காதுக்கு வண்ணம்

முதல் நாள் தாளில் எழுத்தே கிடையாது. எட்டுப் படங்கள் மட்டும். ‘ப’ ஒலியில் தொடங்கும் படங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும், மற்றவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். இங்கே வண்ணம் என்பது குழந்தை தரும் விடை.

படங்களைத் தேர்ந்தெடுப்பதில் நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன். பசுவை வரைந்தேன், குழந்தைகள் அதை ‘மாடு’ என்றார்கள். பட்டத்தை வரைந்தேன், சிலர் ‘காத்தாடி’ என்றார்கள். வாழைப்பழத்தை வரைந்தால் அது ‘வாழைப்பழம்’தான், ‘பழம்’ இல்லை. அவர்கள் வண்ணம் தீட்டாமல் விட்டது தவறே அல்ல. ஆகவே முதலில் படங்களின் பெயரை வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பல், பல்லி, பம்பரம், பணம், படகு ஆகியவை குழப்பம் தராதவை.

பஸ், பலூன் இரண்டையும் தவிர்த்தேன். எழுதும்போது ‘ப’ வந்தாலும், அவற்றைச் சொல்லும்போது வரும் ஒலி வேறு. ‘பல்’, ‘பஸ்’ இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதல் நாளே அந்தச் சிக்கல் வேண்டாம். ஒரு குழந்தை பூவுக்கு வண்ணம் தீட்டினால் அதட்டாதீர்கள். உதடுகள் சேர்வதை அவள் சரியாகவே கவனித்திருக்கிறாள். “பூ, ப... இரண்டும் உறவுதான். பூவை அப்புறம் பார்ப்போம்” என்று சொன்னால் போதும்.

இரண்டாம் நாள்: கைக்கு வண்ணம்

தரையில் சாக்பீஸால் ஆள் உயர ‘ப’ வரைந்து, தொடங்கும் இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். கல்லிலிருந்து கிளம்பி, “கீழே இறங்கு, நேரே போ, மேலே ஏறு” என்று சொல்லிக்கொண்டே குழந்தைகள் அதன்மேல் நடந்தார்கள். மூன்று அசைவுகள், இடையில் கால் எடுக்கக் கூடாது. பிறகு மணலில் விரலால் எழுதினார்கள்.

அதன் பிறகே தாள். உள்ளே நிரப்பும் தடித்த எழுத்து வேண்டாம். ஒற்றைக் கோட்டில் ஒரு பெரிய ‘ப’ போதும். தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய புள்ளி, முடியும் இடத்தில் ஒரு நட்சத்திரம். குழந்தை முதலில் மஞ்சளால் அதன்மேல் எழுதுவாள், அதன்மேலேயே நீலம், பிறகு சிவப்பு. ஒவ்வொரு முறையும் புள்ளியில் தொடங்கி, மூன்று அசைவுகளையும் சொல்லி, முடிவில் ‘ப’ என்று ஒலிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கு ‘வானவில் எழுத்து’ என்று பெயர். வண்ணம் மாற்றும் ஆசையில் ஒரே எழுத்தை ஆறேழு முறை சலிக்காமல் எழுதுகிறார்கள்.

தொடக்கத்துக்குப் பச்சை, முடிவுக்குச் சிவப்பு என்று வைக்கும் வழக்கம் உண்டு. நான் வடிவத்தையும் மாற்றிவிடுகிறேன். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத நிறக்குறைபாடு சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, இருக்கும். புள்ளி, நட்சத்திரம் என்றால் அவர்களும் குழம்ப மாட்டார்கள். இடக்கைக் குழந்தைக்குத் தாளைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து வைத்தால் எழுத வசதியாக இருக்கும். எழுதும் வழி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

மூன்றாம் நாள்: கண்ணுக்கு வண்ணம்

பக்கத்துக்கு ஐந்து கட்டங்களாக 25 கட்டங்கள் வரைந்து இப்படி நிரப்பினேன்.

ப ட க ட ப
ப க ட க ப
ப ட க ட ப
ப க ட க ப
ப ப ப ப ப

‘ப’ உள்ள கட்டங்களுக்கு மட்டும் வண்ணம். மொத்தம் 13 கட்டங்கள். சரியாகத் தீட்டி முடித்தால் தாளில் ஒரு பெரிய ‘ப’ எழுந்து நிற்கும். தவறினால் எங்கோ ஓட்டை தெரியும், அல்லது உள்ளே ஒரு கட்டம் துருத்தி நிற்கும். குழந்தை தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்கிறாள். பல வகுப்புகளை ஒன்றாக நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. நான் மூன்றாம் வகுப்புப் பக்கம் திரும்பியிருந்தாலும் இந்தத் தாள் கற்பித்துக்கொண்டேயிருக்கும்.

முதல் தாளில் ‘க’ போன்ற, தோற்றத்தில் விலகி நிற்கும் எழுத்தைக் கட்டாயம் சேருங்கள். ‘ட’வை அதனுடன் வைக்கலாம். ‘ட’வில் இல்லாத மூன்றாவது அசைவு ‘ப’வில் இருக்கிறது என்பதை, முந்தைய நாள் தரையில் நடந்த குழந்தைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள்.

‘ம’வை மட்டும் அவசரப்பட்டுக் கொண்டுவராதீர்கள். ‘ப’வும் ‘ம’வும் தோற்றத்தில் நெருங்கியவை. ஒலியிலும் நெருங்கியவை. இரண்டும் உதடுகள் சேர்ந்து பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலே சொல்கிறது. கண்ணும் காதும் ஒருசேரக் குழம்பக்கூடிய இணை இது. இரண்டையும் ஒரே நாளில் அறிமுகம் செய்தால், எது எதுவென்று தடுமாறும் பழக்கம் நெடுநாள் தொடரலாம். ‘ப’ உறுதிப்பட்ட பிறகு, இதே கட்டத்தாளில் ‘க’ இருந்த இடத்தில் ‘ம’வை வைத்துக் கொடுங்கள். அப்போது அது நல்ல பயிற்சி.

இன்னொன்று, எழுத்துக்கு நிலையான ஒரு நிறம் கொடுக்காதீர்கள். ‘ப’ எப்போதும் சிவப்பாக இருந்தால், குழந்தை சிவப்பைத்தான் கற்கிறான். எங்கள் வகுப்பில் ஒருவன் அதை வாய்விட்டே சொல்லிவிட்டானே!

நான்காம் நாள்: சொல்லுக்குள் வண்ணம்

படம், பல், பணம், பம்பரம், கப்பல் என்ற சொற்களைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ‘ப’ எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வண்ணத்தால் வட்டமிட வேண்டும். பம்பரத்தில் இரண்டு உண்டு, ஒன்றைக் கண்டதும் நின்றுவிடக் கூடாது.

‘கப்பல்’ வேண்டுமென்றே வைத்தது. அதில் புள்ளி வைத்த ‘ப்’பும் உண்டு, புள்ளி இல்லாத ‘ப’வும் உண்டு. சில குழந்தைகள் இரண்டையும் வட்டமிட்டார்கள். “இதன் தலையில் என்ன இருக்கு?” என்று கேட்டு, இரண்டையும் சொல்லிக் காட்டினேன். மெய்யெழுத்துப் பாடம் நடத்தவில்லை. ஒரு சின்னப் புள்ளிகூட எழுத்தின் ஒலியை மாற்றிவிடும் என்று தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பா, பி, பு என்று அடுத்து வரும் எழுத்துகளுக்கும் இந்தக் கவனமே அடிப்படை. பழைய செய்தித்தாளின் பெரிய தலைப்புகளும் இந்த வேலைக்கு நன்றாகப் பயன்படுகின்றன.

ஐந்தாம் நாள்: வண்ணம் இல்லாத நாள்

இந்த நாளைத்தான் நான் முன்பு நடத்தியதே இல்லை. கிரையான் பெட்டி மூடியே இருக்கும். கறுப்புச் சிலேட்டு, வெள்ளைச் சாக்பீஸ். ஒவ்வொரு குழந்தையிடமும் மூன்று வேலைகள்: நான்கு எழுத்துகளுக்கு நடுவே ‘ப’வைக் காட்ட வேண்டும். புள்ளியும் நட்சத்திரமும் இல்லாமல் எழுத வேண்டும். நான் சொல்லாத ஒரு ‘ப’ச் சொல்லைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எது வரவில்லையோ அதற்குரிய நாளுக்குத் திரும்பலாம். காட்டத் தெரியவில்லை என்றால் கட்டத்தாள். திசை மாறி எழுதினால் வானவில் எழுத்து. சொல் வரவில்லை என்றால் படத்தாள். ‘அரும்பு நிலை’ என்று பதிவேட்டில் குறிப்பதோடு, அந்தக் குழந்தை ஒலியில் நிற்கிறதா, வழியில் நிற்கிறதா, வடிவத்தில் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள இது எனக்கு உதவுகிறது. மூன்றும் முடித்த குழந்தைக்குப் பரிசாக அன்று பழைய வண்ணத்தாள் கிடைக்கும். தடித்த ‘ப’வை விரும்பிய நிறத்தில் நிரப்பலாம். அதைத்தான் இப்போது சுவரில் ஒட்டுகிறேன்.

செலவும் நேரமும்

நகல் எடுக்க வசதி இல்லையே என்ற கவலை வேண்டாம். பழைய மாத நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் போதும். கட்டங்களை ஒருமுறை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டால், குழந்தைகள் கிரையானுக்குப் பதில் புளியங்கொட்டையோ சோழியோ வைத்தும் விளையாடலாம். உடைந்த கிரையான் துண்டுகளை எறியாதீர்கள். சிறிய துண்டை உள்ளங்கையால் பற்ற முடியாது, விரல் நுனிகளால்தான் பிடிக்க வேண்டும். பென்சில் பிடிப்புக்கு அது நல்ல பயிற்சி. ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இழுக்க வேண்டாம். கோடு தாண்டியதற்காகக் குழந்தையைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். நாம் பார்க்க வேண்டியது அழகை அல்ல.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துகளில் தடுமாறும் மாணவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் பந்துப் படத் தாளைக் கொடுத்தால் கூனிக் குறுகிப்போவார்கள். ஆனால் வண்ணத்தின் இதே வேலை அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுடைய வயதுக்கு ஏற்ற விளையாட்டுச் செய்தி ஒன்றை நாளிதழிலிருந்து எடுத்துக் கொடுங்கள். ல வரிசைக்குப் பச்சைக் கோடு, ள வரிசைக்கு நீலக் கோடு, ழ வரிசைக்குச் சிவப்புக் கோடு. அடிக்கோடிட்ட பின் அந்தச் சொற்களை உரக்க வாசிக்க வேண்டும். ர, ற இணைக்கும், ந, ண, ன எழுத்துகளுக்கும் இப்படியே. அடுத்த வாரம் வண்ணம் இல்லாத பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வயதிலும் கடைசிப் படி அதுதான்.

மீண்டும் அந்தப் பலகை

‘ப’ முடிந்து ‘ட’வுக்குப் போயிருந்த ஒரு நாள், காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் அந்தப் பெண் குழந்தை என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வாசலுக்கு அழைத்துப்போய்ப் பெயர்ப் பலகையைக் காட்டினாள். “டீச்சர், அதுல நம்ம ‘ப’ இருக்கு.” ‘தொடக்கப் பள்ளி’ என்ற சொற்களில் ‘பள்ளி’யின் முதல் எழுத்தைச் சரியாகக் காட்டினாள். பிறகு விரலைச் சற்றே இடப்பக்கம் நகர்த்தி, “இதுவும் அதே மாதிரிதான் இருக்கு. ஆனா தலையில பொட்டு வச்சிருக்கு. இது வேறதானே?” என்று கேட்டாள்.

பலகையில் வண்ணம் எதுவும் இல்லை. வெள்ளைச் சுவரில் கறுப்பு எழுத்துகள். பக்கத்தில் பந்தும் இல்லை. அன்று மாலை அவளை அழைத்துப்போக வந்த தாயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள்.

அடுத்த முறை வண்ணத்தாளை எடுக்கும்போது, உங்கள் வகுப்பிலும் ஒரு தாளுக்கு அருகே ஐந்து நிமிடம் அமர்ந்து பாருங்கள். அந்தக் குழந்தையின் கை எங்கே தொடங்குகிறது, கண் எங்கே பார்க்கிறது, வாய் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். அடுத்து எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.